கழிப்பதோ, திருத்துவதோ?

ஒரு பொருள் பழையதாயிற்று என்று உரைக்கும் உரிமை யாருக்கு உண்டு? அதனை ஆள்பவர்க்கோ, செய்து விற்றவர்க்கோ, அன்றி அப்பொருளுக்கே தானோ? இவ்வினாவை யான் நூல்களிற் கண்டு எடுத்துக்கொண்டேன் அல்லேன். என் மேசைமேல் இருக்கும் ஒரு மடிக்கணினி என்னைக் கேட்ட வினா இது. இன்னும் நுணுகிக் கூறின், அதன் வயிற்றினுள் இருந்த மின்கலம் கேட்டது. பேட்டரி என்று எல்லோரும் வழங்கும் அச்சிறு பொருள் தேய்ந்த நாள் முதல் அதற்கு ஈடு தேடி அலைந்தேன். அவ்வலைச்சலில் கருவியைப் பற்றியேயன்றி மனிதரைப் பற்றியும் சில எண்ணங்கள் தோன்றின. அவற்றை அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

யான் கிராஞ்சியில் ஒரு தோட்டத்திற் கிராணி. நகரத்து இளைஞருட் பலர் இச்சொல்லை அறியார்; தோட்டத்துப் பாலை உண்டு வளர்ந்தவர் நன்கறிவர். கிராஞ்சியிற் கிராணி என்று நண்பர் நகைப்பதும் உண்டு, நகைக்கட்டும். கிராஞ்சி என்றவுடன் பலர்க்கு நினைவு வருவன போர் நினைவிடமும், நீர்த்தேக்கமும், அண்மைக் காலம் வரையில் குதிரைப் பந்தயமுமாம். அப்பந்தயத் திடல் 2024 அக்டோபர் 5 ஆம் நாள் இறுதிப் பந்தயத்தோடு ஓய்ந்தது. அது மூடப்பட்டதற்காக அழுதவரினும், அது திறந்திருந்த காலத்தில் அழுத மனைவியர் மிகப் பலராவர் என்பது என் துணிபு. ஆதலின் கழிக்கத் தக்கவை உலகில் இல்லை என்று சாதிக்க யான் வந்தேன் அல்லேன் என்பதை முன்னரே சொல்லி வைக்கின்றேன்.

என் மடிக்கணினிக்கு வயது ஒன்பது. விதைக் கணக்கு, உரக் கணக்கு, கூலிக் கணக்கு, விற்பனைச் சீட்டு ஆகிய அனைத்தும் அதனுள் அடக்கம். விசைப்பலகையில் இரண்டு மூன்று எழுத்துக்கள் அழிந்துவிட்டன. விரல்கள் அறிந்திருத்தலின் கண்கள் வருந்துவதில்லை. திரை தெளிவாய் உள்ளது. கணக்கும் பிழைபடுவதில்லை. மின்கயிற்றைச் செருகி வைத்தால் நாளெல்லாம் உழைக்கும். கயிற்றைப் பிடுங்கினாலோ ஒரு மூச்சு விடுவதற்குள் அணைந்துவிடும். நாற்றுப் பாத்திகளின் ஓரத்திலும் மூட்டை கட்டும் கொட்டகையிலும் நின்று கணக்கெழுத வேண்டியவனுக்கு, சுவரோடு கட்டிய கணினி கட்டுண்ட மாடே போலும்.

அதன் மின்கலம் லித்தியம் அயனி வகையைச் சேர்ந்தது. 1991 ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் இவ்வகையை முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தது; இதற்கு அடிகோலிய குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ என்னும் மூவரும் 2019 இல் வேதியியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அதன் உள்ளே நிகழ்வது எளிதில் விளங்கத் தக்கதே. ஒருபுறம் உலோக ஆக்சைடுத் தகடு, மறுபுறம் கரித் தகடு. இவ்விரண்டிற்கும் இடையே லித்தியம் அயனிகள் போவதும் வருவதுமாய் இருக்கும். மின்னேற்றும்பொழுது ஒரு கரை, பயன்படுத்தும்பொழுது மறுகரை. ஒவ்வொரு போக்குவரத்திலும் சில அயனிகள் கரித் தகட்டின்மேற் படியும் மெல்லிய படலத்திற் சிக்கித் திரும்பாமற் போகின்றன. ஐந்நூறு முறை அளவில் ஏற்றி இறக்கின் முதலிலிருந்த கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பது பொதுக் கணக்கு. பயன்படுத்தாமற் பூட்டி வைத்தாலும் தேயும். வெப்பத்திலும், நிறை மின்னேற்றத்திலும் வைத்தால் விரைந்து தேயும்.

ஈண்டு என் குற்றத்தை ஒப்புக்கொள்ளல் கடமை. தகரக் கூரையின்கீழ், பிற்பகல் வெயிலில், இரவும் பகலும் மின்கயிற்றைச் செருகியவாறே அக்கணினியை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தவன் யான். எப்பொழுதும் வயிறு நிறைத்து வைத்தலே அன்பு என்று கருதினேன்! அஃது அறியாமை, அவ்வறியாமையே மின்கலத்தைக் கொன்றது. ஆயினும் அது தளர்ந்த அன்று என் வாயினின்று முதலிற் புறப்பட்ட சொல் யாது? 'பெட்டி பழசாகிவிட்டது' என்பதே. கெடுத்தவன் யானாயிருக்க, குற்றத்தைப் பெட்டியின் வயதின்மேற் சுமத்தினேன். முதலில் எடுத்த வினாவிற்கு இங்கே ஒரு பாதி விடை கிடைத்துவிட்டது. பழமை என்பது பல இடங்களில் நம் புறக்கணிப்பிற்கு நாம் இடும் நாகரிகப் பெயர்.

செய்தோரின் பணிமனை ஒன்றிற்குக் கொண்டு சென்றேன். மேசைக்கு அப்பாலிருந்த இளைஞர் இன்முகத்தோடே பேசினார். கணினியின் எண்ணைத் தட்டிப் பார்த்தார். பொருளைப் பார்த்தார் அல்லர். 'இந்த மாதிரிக்கு ஆயுள் முடிந்துவிட்டது, பேட்டரி வருவதில்லை, புதிது வாங்கினால் பழையதற்குச் சிறு தள்ளுபடி உண்டு' என்றார். ஆயுள் முடிந்தது என்னும் அச்சொல் என்னைத் திடுக்கிடச் செய்தது. அவர்க்கு முன்னே அது விளக்கெரிந்து உயிரோடிருந்தது. நோயாளி கட்டிலில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்க, ஏட்டைப் பார்த்து இறந்தார் என்று எழுதிய மருத்துவனை ஒப்ப அவர் நடந்துகொண்டார். அவரைக் குறைகூறிப் பயனில்லை; அவர்க்குக் கொடுக்கப்பட்ட ஏடு அது.

ஏட்டை எழுதுபவர் யாவர் என்பதே நோக்கத் தக்கது. 1924 டிசம்பரில், உலகின் பெரிய மின்விளக்கு உற்பத்தியாளர் சிலர் ஜெனீவா நகரிற் கூடி ஃபீபஸ் என்னும் பெயரால் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி ஒரு விளக்கு ஆயிரம் மணி நேரம் எரிந்தாற் போதும். அதற்கு மேல் நீடித்து எரியும் விளக்கைச் செய்தவர்க்கு அபராதம். நன்றாய்ச் செய்ததற்கு அபராதம் விதித்த கூட்டம் உலகில் வேறு உண்டோ அறியேன். ஒளி மிகுதற்கு ஆயுள் குறைதல் வேண்டும் என்று அவர்கள் சொல்லிய காரணத்தில் உண்மையும் சிறிதுண்டு. ஆயினும் விளக்கின் ஆயுளை விளக்கு முடிவு செய்யவில்லை. மேசையைச் சுற்றியிருந்தோர் முடிவு செய்தனர். நம் காலத்திலும் ஒன்று நிகழ்ந்தது. 2017 டிசம்பரில், மின்கலம் தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருளால் தான் குறைத்து வந்ததை ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. திடீரென அணைந்து போகாதிருக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கம் கூறியது. விளக்கம் மெய்யாகவே இருக்கலாம். ஆனால் தம் கைப்பேசி கிழடாயிற்றென்று எண்ணிப் புதியது வாங்கியோர் எத்துணை பேரோ! அவர்க்கு வேண்டியிருந்தது ஒரு மின்கலம் மட்டுமே. பின்னர் அந்நிறுவனம் மின்கலம் மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலருக்கு இறக்கிற்று.

யான் இருக்கும் மண்ணும் இதற்குச் சான்று பகரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தீவின் வட பகுதியில், ஆற்றங்கரைகள்தோறும் சீனக் குடியானவர் மிளகும் கம்பீரும் பயிரிட்டனர். கம்பீர் என்பது தோல் பதனிடவும் வெற்றிலையோடு மெல்லவும் உதவும் ஓர் இலைச்சாறு. அதனைக் காய்ச்சக் காட்டை வெட்டினர். பதினைந்து இருபது ஆண்டுகளில் மண் சத்திழந்தது. உடனே அதனை விட்டு அடுத்த காட்டிற்கும், பின்னர் ஜொகூருக்கும் சென்றனர். விட்ட நிலத்தில் லாலாங் புல் மண்டிற்று. மண் செத்தது என்று அன்று சொல்லியிருப்பர். அதே வட பகுதியில் இன்று கீரை விளைகின்றது. எருவிட்டவர் கைக்கு மண் இணங்கிற்று.

பல நாள் தேடினேன். இணையக் கடைகளில் என் கணினிக்கு ஏற்றதென்று சொல்லி நாற்பது வெள்ளி முதல் நூற்றைம்பது வெள்ளி வரை பல மின்கலங்கள் விலை பேசப்பட்டன. எது மெய், எது பொய் என்று படத்தைக் கொண்டு தெளியக் கூடவில்லை. ரோச்சோர் பக்கத்தில் உள்ள சிம் லிம் சதுக்கத்தில் ஏறி இறங்கினேன். இருவர் இல்லையென்றனர், மூன்றாமவர், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், வானொலிக் காலம் முதல் பழுது பார்த்து வரும் தமிழர் ஒருவர் இருக்கிறார் என்று வழி காட்டினார். அவ்வழியே செல்லும்பொழுது சுங்கை ரோடு நினைவு வந்தது. 1930 களிலிருந்து பழம்பொருள் விற்போர் பாய் விரித்திருந்த அச்சந்தை 2017 ஜூலை 10 இல் மூடப்பட்டது. பிறர் கழித்ததைப் பிறர்க்கு உதவச் செய்த கிழவர்கள் அங்கே அமர்ந்திருந்தனர். அவர்களைத் திருட்டுச் சந்தையினர் என்று அழைத்த நகரம், நல்லதைக் குப்பையில் எறிந்தவர்க்குப் பெயரொன்றும் வைக்கவில்லை.

சந்துக் கடைக்காரர் அறுபதைக் கடந்தவர். கணினியின் எண்ணை அவர் கேட்கவில்லை. கவிழ்த்தார், திருகாணிகளைக் கழற்றினார், மின்கலத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். 'தம்பி, பெட்டி நல்லா இருக்கு. இது ஒன்னுதான் செத்திருக்கு' என்றார். 'உள்ளே என்ன இருக்கிறது, அண்ணே?' என்று கேட்டேன். வேறொருவர் விட்டுச் சென்ற பழைய கலம் ஒன்றை, முன்னமே பிளந்து வைத்திருந்ததை, எடுத்துக் காட்டினார்.

மின்கலம் என்று நாம் ஒருமையிற் கூறுவது உண்மையில் ஆறு குழல்கள். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது. இரண்டிரண்டாய்ச் சேர்ந்த மூன்று சோடிகள். அவற்றின்மேல் ஒரு கட்டுப்பாட்டுத் தகடு. ஒரு குழல் கெட்டால் அதன் சோடி தளரும். சோடி தளர்ந்தால் தகடு தீங்கஞ்சி முழுவதையும் அடைத்துவிடும். அப்பிளந்த கலத்தில் ஆறனுள் நான்கு உரத்தோடிருந்தன என்று அளவுகருவி வைத்துக் காட்டினார். கணினியைக் கழிக்காது மின்கலத்தை மாற்றுக என்றால், மின்கலத்தைக் கழிக்காது குழலை மாற்றலாமன்றோ? இவ்வாறே பகுத்துச் சென்றால் எங்கே நிற்பது? ஆங்கிலப் பள்ளியிற் கற்ற கிரேக்கர் கப்பற்கதை நினைவிற்கு வந்தது. பலகைகளை ஒவ்வொன்றாய் மாற்றிய தெசியசின் கப்பல் பழைய கப்பல்தானா என்று அறிஞர் வாதிட்டனராம். கரையில் நிற்போர்க்கு அது நல்ல வினா. கப்பலில் இருப்போர்க்கு வேண்டுவது எந்தப் பலகை மக்கியது என்னும் அறிவு ஒன்றே. கடைக்காரர் என் வினாவிற்கு அவ்வழியே விடை கூறினார். பழங்குழல்களோடு ஒரு புதுக்குழலைச் சேர்த்தால் பளு ஒத்திராது, ஒன்று மிகையாய் ஏறும், ஒன்று மிகையாய் வடியும், தீப்பற்றவும் கூடும். ஆதலின் குழல் மாற்றுவதாயின் ஆறனையும் ஒருங்கே மாற்றல் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் அவ்வாறு செய்வோர் உண்டு. இங்கே முழு மின்கலமாக வாங்குவதே நன்று என்றார். கணினியைக் காப்பாற்ற வேண்டும் என்றவரே மின்கலத்தைக் கைவிடச் சொன்னார். இரண்டிற்கும் காரணம் ஒன்றே; இரண்டையும் அவர் திறந்து பார்த்திருந்தார்.

திறந்து பார்த்தல் என்றேன். இக்காலத்துக் கருவிகள் பலவற்றை அவ்வாறு பார்க்கவும் இயலாது. மின்கலத்தைப் பசையிட்டு ஒட்டுகின்றனர். கடையில் எளிதிற் கிடையாத தலையுடைய திருகாணிகளை இடுகின்றனர். திறந்தால் உத்தரவாதம் போயிற்று என்று அச்சுறுத்துகின்றனர். பணம் கொடுத்தவர் நாம். பொருள் நம் வீட்டில். ஆனால் உள்ளே நோக்கும் அதிகாரம் வேறொருவர் கையில். நம்மவர்க்கு இது புதுமையன்று. பொருளை வழிபடலாம், திறந்து படித்தல் ஆகாது என்னும் கட்டளையின்கீழ் நம் முன்னோர் பன்னூறு ஆண்டு வாழ்ந்தனர். வேத ஒலியைக் கேட்ட சூத்திரன் செவியில் உருக்கிய உலோகத்தை வார்க்க வேண்டும் என்று விதித்த தரும நூலும் இருந்ததன்றோ? படிக்க விடாமையின் பயன் யாது? எது பழுது, எது நன்று என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் ஒரு சிலர் கையில் நின்றது. பசையும் திருகாணியும் செய்யும் வேலையும் அதுவே. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இயற்றிய மின்கலச் சட்டம், 2027 பெப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் மின்கலங்கள், சில விலக்குகள் நீங்கலாக, பயன்படுத்துவோரே கழற்றி மாற்றத் தக்கனவாய் இருத்தல் வேண்டும் என்கின்றது. பழுது நீக்கும் உரிமை என்று மேல்நாட்டார் இதனை அழைக்கின்றனர். படிக்கும் உரிமை என்று நம் சுயமரியாதை இயக்கத்தார் கேட்டதற்கு இஃது இளைய தம்பியாகும்.

ஈண்டு ஓர் அன்பர் தடுத்துரைக்கலாம். 'சீர்திருத்தப் பத்திரிகையிற் பழையதைக் காக்க எழுதுகின்றீரே. பழமையைப் பற்றிக் கிடத்தலன்றோ நம்மவர் நோய்?' என்று. உண்மை, அந்நோய் கொடியது. ஆனால் அதற்கு மருந்து புதுமைப் பித்தன்று. 1935 இல் ஈ. வெ. ரா. பெரியார் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். தமிழைக் கழிக்கச் சொல்லவில்லை; கற்போரை வருத்திய சில எழுத்து வடிவங்களை மட்டும் மாற்றினார். அவற்றுட் பலவற்றை 1978 இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம் பிள்ளைகள் அவ்வெழுத்திலேயே படிக்கின்றனர். தேய்ந்த உறுப்பை மாற்றி உடலைக் காத்தல் என்பது இதுவே. சாதியின் செய்தி வேறு. அதனையும் திறந்து பார்த்தாயிற்று. மாற்றி வைக்கத் தக்க உறுப்பு ஒன்றும் அதனுள் இல்லை. அது வீங்கிய மின்கலத்தை ஒத்தது. உள்ளே வாயு திரண்டு வீங்கிய கலத்தைக் குத்திச் சரிசெய்யப் புகுந்தால் தீ எழும். அதனைத் தட்டிக் கொடுத்து இன்னும் ஓராண்டு ஓட்டலாம் என்பவன் வீட்டையே எரிப்பான். உடனே அகற்றுதல் ஒன்றே வழி.

ஆயுத பூசையையும் சொல்லாமல் விட மனமில்லை. ஆண்டிற்கு ஒருநாள் கணினிக்கும் சந்தனம் இட்டுக் குங்குமம் வைக்கின்றோம். அலுவலகத்தில் யானும் சுண்டல் உண்டிருக்கின்றேன். மற்றை நாட்களில் அதன் காற்றுத் துளையில் அடைந்த தூசியை ஊதுவார் இல்லை. கருவியைத் தெய்வமாக்குவது எளிது; அதன் உள்ளுறுப்பு எவ்வாறு வேலை செய்கின்றது என்று ஒரு மாலைப்பொழுது இருந்து கற்பது கடினம். என் மின்கலத்தின் நெற்றியிற் பொட்டு இருந்தது. அதனைக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்ற அறிவு எனக்கு இருந்ததில்லை.

இனி, வாங்கிய கதை. கடைக்காரர் இரண்டு மின்கலங்களை எடுத்து வைத்தார். ஒன்று கணினி செய்தோரின் பெயர் பொறித்தது, உறை பிரியாதது, விலை நூற்றிருபது வெள்ளி. மற்றொன்று யாரும் அறியாத பெயருடையது, எழுபது வெள்ளி. இயல்பாகவே என் கை முன்னதை நாடிற்று. 'தேதியைப் பாருங்க, தம்பி' என்றார். பெயர் பெற்ற கலம் ஏழாண்டுகளுக்கு முன் செய்யப்பட்டுக் கிடங்கில் உறங்கியது, உறக்கத்திலும் தேய்ந்தது. பெயரில்லாதது செய்து ஆறு திங்கள். குலப்பெருமை பேசும் குடும்பங்கள் சில என் நினைவிற்கு வந்தன, பெயர்களைக் கூறேன். எனினும் பெயரில்லாதனவெல்லாம் நல்லன என்று கொள்ளுதலும் பேதைமையே. எடை குறைந்த குழல்களை அடைத்து, மேலே பொய்யளவு அச்சிட்டு விற்பாரும் உண்டு. ஆதலின் அவர் அதனை நிறுத்தினார், பொருத்தினார், கணினியே தன் மின்கலத்தைப் பற்றித் தரும் அறிக்கையைத் திறந்து, முன்குறித்த கொள்ளளவையும் நிறைவேற்றத்தில் உள்ள கொள்ளளவையும் ஒப்பிட்டுக் காட்டினார். பழைய கலம் 48 வாட் மணிக்கு மாறாக 6 காட்டியது. புதியது 47 காட்டிற்று. பிறப்பையோ பெயரையோ கேளாமல், செய்யும் வேலையை அளந்து கொண்ட முடிவு அது.

சிக்கனம் என்றும் இதனைச் சொல்லலாம். எழுபது வெள்ளி எங்கே, புதுக் கணினிக்குரிய ஆயிரத்து இருநூறு வெள்ளி எங்கே! ஆயினும் காசு மட்டும் இங்கே பொருட்டன்று. ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரி மாசிற் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருமுன், செய்யப்படும்பொழுதே உண்டாகிவிடுகின்றது. மின்கலத்திற்கு வேண்டும் கோபால்ட்டு உலோகத்தின் பெரும்பங்கு காங்கோ நாட்டினின்று வருகின்றது. அங்குச் சில சுரங்கங்களிற் சிறுவர் கையால் மண் தோண்டுவதைப் பலரும் எழுதியுள்ளனர். யான் வாங்கிய எழுபது வெள்ளிக் கலத்திலும் அத்தகைய கை பட்டிருக்கலாம். அதனை எண்ணும்பொழுது என் சிக்கனத்தைப் பற்றிய பெருமிதம் சிறிது தணிகின்றது. சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கின்றது. 2021 ஜூலை 1 முதல், உற்பத்தி செய்வோரே அதன் சேகரிப்பிற்குப் பொறுப்பேற்கச் சட்டம் வகை செய்துள்ளது. பெரிய கடைகளில் கழிவுப் பெட்டிகள் வைக்கப்பட்டுள்ளன. என் பழைய கலத்தின் முனைகளை நாடாவால் ஒட்டி அத்தகைய பெட்டி ஒன்றில் இட்டேன். அதன் வாயருகே, நன்றாயிருந்த ஒரு கைப்பேசியும் கிடக்கக் கண்டேன்.

இவ்வளவும் ஒரு பெட்டியின் கதையாய் நின்றிருந்தால் எழுதத் துணிந்திரேன். புது மின்கலம் பொருத்திய வாரமே முதலாளி ஒரு பட்டியல் கேட்டார். தோட்டத்தில் ஐம்பத்தெட்டு வயதைக் கடந்த தொழிலாளர் யாவர், அவர்க்கு ஈடாக யாரைக் கொள்ளலாம் என்பது அவர் வினா. அவர் கொடியவர் அல்லர், கணக்கறிந்தவர். பட்டியலில் முதற்பெயர் ஒரு பெரியவருடையது. ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்து லயத்திற் பிறந்தவர். பால்மரம் வெட்டிப் பழகியவர். அத்தோட்டம் விற்கப்பட்டு வீடும் வேலையும் போனபின், நாள்தோறும் விடியுமுன் கடற்பாலம் கடந்து கிராஞ்சிக்கு வருபவர். முதுகு சிறிது வளைந்துவிட்டது. மூட்டை தூக்க இயலாது. ஆனால் நாற்றின் இலையைத் தொட்டே நோய் வருவதை இரண்டு நாள் முன்னதாகச் சொல்வார்.

மனிதருக்கும் ஏடு உண்டு. அயல்நாட்டுத் தொழிலாளர் வேலை அனுமதிக்கு உச்ச வயது 60 என்று இருந்தது; 2025 ஜூலை 1 முதல் அது 63 ஆயிற்று. சில நாட்டினர்க்குத் தொழிலுக்கும் திறனுக்கும் ஏற்ப 14 முதல் 26 ஆண்டுகள் வரையென்று இருந்த பணிக்கால வரம்பும் அன்றே நீக்கப்பட்டது. ஜூன் 30 இரவு ஆயுள் முடிந்தவராயிருந்தவர் ஜூலை முதல் நாட்காலை மூன்றாண்டு இளமை பெற்றார். அவர் உடலில் அவ்விரவு மாற்றம் ஒன்றும் நிகழவில்லை. மாற்றியவரைப் பாராட்டுகின்றேன், ஆனால் முன்னிருந்த எண்ணும் ஒருவர் எழுதியதுதானே என்னும் எண்ணம் வாராமற் போகுமோ? 1930 முதல் 1932 வரை ரப்பர் விலை வீழ்ந்தபொழுது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர் கை தேயவில்லை, விலை தேய்ந்தது. ரப்பர் மரத்தையும் இருபத்தைந்து முப்பது ஆண்டு ஆனதும் வெட்டுகின்றனர். வெட்டுமுன் இறுதிச் சொட்டு வரை பாலெடுத்து விடுகின்றனர். அம்மரத்தினும் நாற்காலி செய்யலாம் என்று பிற்காலத்திற் கண்டுகொண்டனர்.

மனிதனைக் கருவியோடு ஒப்பிடுதல் தகுமோ என்று கேட்பின், தகாது. மனிதனுக்கு ஓய்வு உரிமை. மின்கலத்திற்கு அவ்வுரிமை இல்லை. பெரியவர் ஓய்வை விரும்பினால் அதனை அவர்க்கு அளிப்பதே நேர்மை. உழைப்பே உயர்வு என்று சொல்லி அவரைப் பாத்தியில் நிறுத்தி வைத்தல் வேறொரு கொடுமை. ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை. பட்டியலில் இருந்த பத்திகள் மூன்றே: பெயர், வயது, ஈடாவார். அம்மூன்றையும் நிரப்பி அனுப்புவது கிராணியின் வேலை. அதற்கு மேல் எண்ணுதற்குக் கிராணிக்குச் சம்பளம் இல்லை. இரண்டு நாள் அப்பட்டியலைத் திறப்பதும் மூடுவதுமாய் இருந்தேன். பின்னர் வயதிற்கும் ஈடாவார்க்கும் இடையே மேலும் இரண்டு பத்திகளைச் சேர்த்தேன். ஒன்று, இப்பொழுது செய்யும் வேலையில் எது இயலும், எது இயலாது என்பது. மற்றொன்று, அவர் விருப்பம் யாது என்பது. முதற்பத்தியை யானே கண்டு நிரப்பலாம். இரண்டாவதை நிரப்ப அவரிடம் சென்று கேட்டல் வேண்டும்.

கணினியை எடுத்துக்கொண்டு நாற்றுப் பாத்திக்குச் சென்றேன். பெரியவர் நிழல்வலையின்கீழ் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் எழ முயன்றார். வேண்டா என்று கையமர்த்தினேன்.

'பேட்டரி புதுசு போட்டீங்களாமே, தம்பி. எவ்வளவு நேரம் நிக்குது?' என்று கேட்டார்.

'நான்கு மணி நேரம், மாமா' என்றேன். பட்டியல் திரையில் திறந்திருந்தது. மூடியைச் சிறிது என்பக்கம் சாய்த்துக்கொண்டு, அவர் அருகே ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அமர்ந்தேன்.